சப்பாத்துச் சாடை

ரிங்லெட் ஊருக்கு மேலே மலையில் இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் அம்சவல்லிக்கு நல்ல பெயர் கிடையாது. வாய் நீளம் என்பார்கள். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த காலத்தில் நிறுவையில் தகராறு செய்து, கங்காணி சுப்பனின் தொப்பியைத் தட்டிவிட்டவள். சரிவில் உருண்டு இடுப்பு பிசகிய பிறகுதான் அவளை ஆயாக் கொட்டகையில் போட்டார்கள். விடியுமுன் மலையேறும் தாய்மார்கள் விட்டுப்போகும் பிள்ளைகளை மாலைவரை பார்த்துக்கொள்வது வேலை. எல்லாரையும் அதட்டியே மேய்த்தாள். அந்த அதட்டல் எட்டாத பிள்ளைகள் இருவர் இருந்தார்கள்: வேலாயியின் மகள்கள் சீதா, ஜெயா. இருவருக்கும் பிறவியிலேயே காது கேட்காது. பள்ளியில் சேர்க்கவில்லை, ஏழு வயதாகியும் சீதாவுக்குக் கொட்டகைதான்.

தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் அவர்களைப் பெயர் சொல்லி அழைத்தவர்கள் குறைவு. "ஊமச்சிங்க" என்பார்கள். அம்சவல்லிக்கோ வேலை நடந்தாக வேண்டும். அதனால் கைகளால் பேசினாள். நெற்றியில் கூடைக்கயிறு மாட்டுவதுபோலக் காட்டினால் அம்மா. மீசையை முறுக்கினால் கங்காணி. மூவரும் கங்காணியைப் பற்றி நிறையவே பேசினார்கள்.

எழுபத்தெட்டில் பல் பார்க்கும் வேன் தோட்டத்துக்கு வந்தது. என்ன நடக்கப்போகிறது என்று சீதாவுக்கு யாரும் விளக்கவில்லை. லயத்து ஆண்கள் கைகாலை அமுக்கிக்கொள்ள, சொத்தைப் பல் பிடுங்கப்பட்டது. அவள் தாதியின் விரலைக் கடித்துவிட்டாள். அன்றிலிருந்து வாயருகே யார் கை வந்தாலும் கடிதான்.

தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொண்ட டிரெசர் ராதாகிருஷ்ணன் வேலாயியைக் கூப்பிட்டு எச்சரித்தார். "போத்தல்ல இனிப்புப் பால் குடுத்துத் தூங்க வைக்காதம்மா. இப்ப முளைக்கிறதுதான் கடைசிப் பல்லு. அடுத்த தடவையும் இப்படி இருந்தா அதையும் எடுத்துருவாங்க."

"போனாப் போவுது சார். பேசவா போறா?" என்றாள் வேலாயி.

மருந்து வாங்க வந்திருந்த அம்சவல்லியின் காதில் அது விழுந்தது. அந்த வாரமே ரிங்லெட்டுக்கு இறங்கி, சின்ன பிரஷ்கள் இரண்டும் பற்பசையும் வாங்கி வந்தாள்.

ஆனால் முதல் சாடையே தப்பாகிப்போனது. ஆட்காட்டி விரலைப் பல்லின் மேல் இழுத்துக் காட்டினாள். லயத்தில் எல்லாரும் கரித்தூளைத் தொட்டு விரலால் பல் விளக்குகிறவர்கள். பிள்ளைகளும் பிரஷைக் கீழே வைத்துவிட்டு, பசையை விரலில் எடுத்து, இரண்டு இழுப்பு இழுத்து, மீதியை விழுங்கினார்கள். நாள்கணக்கில் இதே கூத்து.

ஒரு மாலை, மலையிலிருந்து இறங்கிய பெண்கள் குழாயடியில், காலில் போட்டுப்போன ரப்பர் சப்பாத்துகளைப் பிரஷால் தேய்ப்பதைச் சீதா உற்றுப் பார்ப்பதை அம்சவல்லி கவனித்தாள். அடிப்பள்ளங்களில் சிக்கிய சேறு, சுற்றிச் சுற்றித் தேய்த்தால்தான் வரும். மறுநாள் இடது முஷ்டியைச் சப்பாத்தாக்கி, வலது கையை அதன்மேல் வட்டமாகத் தேய்த்து, வாயைக் காட்டினாள். சீதா தன் கடைவாய்ப் பல்லைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, வேனுக்குப் பின் முதல் தடவையாக, வாயைத் திறந்தாள்.

குளிர்ந்த தண்ணீரில் பல் கூசக் கூச இருவரும் தேய்த்தார்கள். மற்ற பிள்ளைகளும் அந்தச் சாடையைப் பிடித்துக்கொண்டார்கள். வினை அங்கேதான் வந்தது.

குழாயடியில் பெண்கள் கூடியிருந்தபோது, சின்னவள் ஜெயா தன் அம்மாவின் வெற்றிலைக் காவி ஏறிய வாயைப் பார்த்தாள். முஷ்டியைத் தேய்த்து, அம்மாவின் வாயைச் சுட்டினாள்.

"அடியே வேலாயி! ஒம் புள்ள ஒன் வாய சப்பாத்துங்குதுடி!" என்று ஒருத்தி கூவ, குழாயடியே சிரித்தது.

வேலாயி ஜெயாவை அறைந்தாள். ஈரக் காலோடு கொட்டகைக்கு வந்தாள்.

"ஏண்டி, எம் புள்ளைங்க வாயி ஒனக்கு மிதிக்கிற சப்பாத்தா?"

"சப்பாத்த நீ தெனமும் தேய்க்கிற. புள்ள பல்ல என்னிக்காவது தேய்ச்சியா?"

வேலாயி பிரஷ்களை எடுத்துச் சாக்கடையில் வீசினாள். சத்தம் கேட்டு வந்த சுப்பன், பழைய கணக்கைத் தீர்க்க நாள் கிடைத்தவன்போல மெதுவாகப் பேசினான்.

"போதும்லா ஒன் குரங்காட்டம். இன்னொரு தடவ கைய ஆட்டுனா ஆபீஸ் கிராணிகிட்ட சொல்லி ஒன்ன மலைக்கே ஏத்திருவேன். இடுப்பு தாங்குமான்னு பாத்துக்க."

அம்சவல்லி பிரஷ்களை எடுத்துக் கொதிநீரில் போட்டாள். வேறு சாடை காட்டிப் பார்த்தாள், பிள்ளைகள் ஏற்கவில்லை. அதன்பின் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவர்கள் தாங்களாகவே தேய்த்தார்கள். லயத்துப் பையன்களோ வேலாயியைக் கண்டாலே முஷ்டியைத் தேய்த்துக் காட்டி ஓடினார்கள். ஆயா கிளப்பிவிட்ட கேலி என்று வேலாயி நம்பினாள்.

மறு வருஷம் வேன் வந்தது. தோட்டமே கூடி வேடிக்கை பார்த்தது. நாற்காலியைக் கண்டதும் சீதா பல்லைக் கடித்துக்கொண்டாள். வேலாயி கன்னத்தை அழுத்தினாள், கெஞ்சினாள், அடித்தாள். வாய் திறக்கவில்லை. ஆண்கள் சட்டைக் கையை மடித்தார்கள்.

அம்சவல்லி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"ஏய், சொன்னது மறந்துபோச்சா?" என்றான் சுப்பன்.

அவள் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. சீதாவின் எதிரே நின்று, முஷ்டியை எல்லாரும் பார்க்கத் தேய்த்து, வாயைக் காட்டினாள். கூட்டம் ஓவென்று சிரித்தது. சீதா வாயைத் திறந்தாள். தாதி கண்ணாடி வைத்துப் பார்த்து, ஒரு பால்பல்லை மட்டும் எடுத்தாள். புதிதாக முளைத்தவை நன்றாக இருக்கின்றன என்றாள்.

"சந்தோஷமாடி? தோட்டமே சிரிச்சிருச்சு," என்று சொல்லி, வேலாயி பிள்ளையை இழுத்துக்கொண்டு போனாள். கிராணியிடம் புகாரும் கொடுத்தாள்.

அடுத்த வாரம் அம்சவல்லி மலையில் இருந்தாள். கூடையோடு சரிவில் ஏறும்போது இடுப்பு குத்தியது. தனக்கு ஒதுக்கிய செடிவரிசையான நிரையை முடிக்க எப்போதும் கடைசி. அதைக் குத்திக்காட்டச் சுப்பன் பக்கத்திலேயே நிற்பான். அடுத்த நிரை வேலாயிக்கு. இருவருக்குள்ளும் மாதக்கணக்கில் பேச்சு இல்லை.

ஒரு மழைநாளில், கொழுந்திலிருந்து கண்ணை எடுக்காமல் வேலாயி கேட்டாள். "அந்த பிரஷ்ஷு தேஞ்சுபோச்சு. எந்தக் கடையில வாங்குன?"

"ரிங்லெட்ல, பஸ் நிக்கிற எடத்துல. சின்னதா கேட்டு வாங்கு. பெரிசு வாயில நொழையாது."

"எனக்குத் தெரியும். நீ ஒன் நெரையப் பாரு."