அச்சில் வரட்டும் என்றேன்

முல்லைத்தீவுக் கரையிலிருந்து கணவரோடும் மகளோடும் இடம்பெயர்ந்து புதுக்குடியிருப்புக்கு வந்தபின், இரண்டு வருடங்களாக எனக்குக் கவிதையில் ஒரு வரிகூட வரவில்லை. கொப்பியைத் திறப்பேன், சற்று நேரத்தில் மூடிவிட்டு எழும்பிவிடுவேன். ஒருநாள் நந்திக்கடலில் இறால் பிடித்துவிட்டு வந்த கணவரின் வெடித்த கைகளைப் பார்த்தபோது ஒரு கவிதை தானாக வந்தது. அதைப் பிரதிபண்ணி ஒரு சிறு சஞ்சிகைக்கு அனுப்பினேன்.

“என்னத்தைப் பற்றி எழுதினனீர்?” என்று அவர் கேட்டார். அவருக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும்.

“அச்சில வரட்டும், வாசிச்சுக் காட்டுறன்” என்றேன்.

கவிதையைப் பிரசுரிக்க விருப்பம், சன்மானம் தர வசதியில்லை, சம்மதமா என்று சஞ்சிகை ஆசிரியர் எழுதியிருந்தார். இரண்டு வருடங்களுக்குப் பிறகு வந்ததைச் சும்மா கொடுப்பதா என்று எனக்குக் கோபம் வந்தது.

“அச்சடிக்கக் கடதாசியே கிடைக்காத நேரத்தில அவையள் என்ன செய்யிறது? ஓமெண்டு எழுதிவிடும்” என்றார் கணவர். நான் பதில் போடாமல் நாட்களைக் கடத்தினேன்.

அந்த மாரியில் அவருக்கு மலேரியா வந்தது. அது மூளையைத் தாக்கியதில் ஐந்தாம் நாள் இறந்துபோனார். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த பிறகுதான் சம்மதம் என்று எழுதினேன். சஞ்சிகையும் வந்தது. ஆனால் அந்தக் கவிதை அத்தனை நாளும் என் கொப்பியில்தான் இருந்தது. ஒரு மாலையில் வாசித்துக் காட்டியிருக்கலாம்.

இப்போது சன்மானம் இல்லையென்றாலும், பிரசுரிக்கக் கேட்பவர்களுக்கு அன்றைக்கே பதில் போட்டுவிடுகிறேன். அபூர்வமாகத்தான் எழுத வருகிறது. எழுதியதும், அனுப்புவதற்கு முன், மகளை இருத்திவைத்து முழுவதையும் வாசித்துக் காட்டுகிறேன்.