மஞ்சள் ஏறிய சதைத்துண்டு

சந்தேகம் என் கூடவே பிறந்தது. மோர்க்காரி படியைச் சாய்த்துப் பிடிக்கிறாளா என்று குனிந்து பார்ப்பேன். கோடாங்கி நல்ல வாக்குச் சொன்னால்கூட, நம் வீட்டு விஷயத்தை இவனிடம் போய் யார் சொன்னது என்றுதான் யோசிப்பேன். அப்படிப்பட்டவளிடம், உன் புருஷன் வாய்க்குள்ளிருந்து ஒரு துண்டு சதையை வெட்டிப் பட்டணத்துக்கு அனுப்பப் போகிறேன் என்று ஒரு டாக்டர் சொன்னால் எப்படி இருக்கும்? முப்பதுகளின் கடைசி அது. சீமையில் சண்டை வருமா வராதா என்று ரயிலடியில் பேசிக்கொண்டிருந்த காலம்.

எங்கள் ஊர் மொரப்பூர் ரயிலடியிலிருந்து நடந்து போகிற தூரம்தான். ராகியும் நிலக்கடலையும் போடுவோம். வீட்டில் நான், என் வீட்டுக்காரர், புருஷன் போன பிறகு எங்களோடு வந்துவிட்ட அவருடைய அக்கா, மூன்றே பேர். பிள்ளை இல்லை. அவருக்குப் புகையிலைப் பழக்கம். காலையில் ஏர் பூட்டும்போது இடது கன்னத்தில் அதக்கினால் வெயில் ஏறும்வரை அது அங்கேயே கிடக்கும். அந்த இடத்தில்தான் புண் வந்தது. பல் குத்திவிட்டது என்றார். பிறகு, வேப்பங்குச்சி கிழித்துவிட்டது என்றார். போகப் போகக் காரம் பட்டால் கண்ணில் தண்ணீர் வந்தது, களியைக்கூடக் கரைத்துத்தான் குடித்தார். நான் நச்சரித்து நச்சரித்துத் தர்மபுரி ஆஸ்பத்திரிக்குக் கிளப்பினேன். மொரப்பூரிலிருந்து அங்கே போக அப்போது சின்ன ரயில் ஓடியது.

டாக்டர் விளக்கு அடித்து வாய்க்குள் பார்த்தார். கழுத்தை இரண்டு பக்கமும் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "கழுத்துல ஒண்ணும் இல்ல, நல்லது" என்றார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "புத்துநோயா இருக்குமோன்னு சந்தேகப்படறேன். ஒரு துணுக்கு எடுத்துப் பட்டணத்துக்கு அனுப்பிப் பார்த்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும். புண் சின்னதா இருக்கும்போதே போனா ரேடியம் ஊசி வெச்சு ஆத்திடுவாங்க. நாள் தள்ளினா கழுத்துக்கு எறங்கிடும். அப்புறம் யார் கையிலயும் இல்லம்மா."

அவர் சொன்னதில் எனக்குப் பிடித்தது அந்தச் 'சந்தேகப்படறேன்' ஒன்றுதான். மற்றது எதையும் நான் நம்பவில்லை. வெட்டின நகத்தையும் உதிர்ந்த முடியையும்கூட யார் கண்ணிலும் படாமல் புதைக்கிறவர்கள் நாங்கள். எவன் கையிலாவது கிடைத்தால் செய்வினை வைத்துவிடுவான் என்று பயம். சதையைத் தூக்கிக் கொடுப்பதாவது!

"அத வெச்சிக்கிட்டு என்னாங்க பண்ணுவாங்க?" என்று கேட்டேன்.

"வெங்காயத் தோலைவிட மெலிசாச் சீவி, சாயம் ஏத்திப் பூதக்கண்ணாடியில பார்ப்பாங்க. நம்ம ஒடம்பு பூரா கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறைங்கதான். அந்த அறைங்க ஒழுங்கா இருக்கா, கெட்டுப்போயிருக்கான்னு பார்த்துச் சொல்லிடுவாங்க."

"பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துடுவாங்களா?"

பக்கத்தில் நின்ற கம்பவுண்டர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவே இல்லை. வெட்டி முடித்து, அவரைக் கொட்டை அளவுத் துண்டு ஒன்றை மருந்துத் தண்ணீர் ஊற்றிய புட்டியில் போட்டு, கார்க்கால் அடைத்து, பஞ்சு சுற்றித் தகர டப்பாவில் வைக்கிறவரை அந்தக் கம்பவுண்டர் கையை விட்டு என் கண்ணை எடுக்கவில்லை. நல்லவேளை, டாக்டரே சொன்னார்: "நீங்க மொரப்பூர்ப் பக்கம்தானே? நாளைக்குக் காலையில பட்டணத்து வண்டியில பார்சலாப் போட்டுடுங்க. மேலே விலாசம் ஒட்டியிருக்கு." கம்பவுண்டர் கைக்குப் போகாமல் நம் கையோடே போகிறது என்று எனக்குப் பாதி உயிர் திரும்பியது.

வீட்டில் நாத்தனார் குதித்த குதி சொல்லி மாளாது. "அடிப் பாவி! எந் தம்பி ஒடம்ப ரயில்ல ஏத்தி அனுப்பறியா? எவனாச்சும் எடுத்து வெச்சி ஏவிவுட்டா யார்ரீ பதில் சொல்றது?" டப்பாவை உள்ளே கொண்டுவரவே விடவில்லை. கத்திக் கத்தி ஓய்ந்தபிறகு பரண் மேல் வைத்தோம். அன்று பக்கத்து வீட்டில் கிடா வெட்டி எங்களுக்கும் பங்கு வந்திருந்தது. அவரால் மெல்ல முடியாதே, சாறாவது வைத்துக் கொடுக்கலாம் என்று உப்பும் மஞ்சளும் தடவி மூடி வைத்தேன். மறுநாள் காலையில், "நானே போட்டுட்டு வரேன், நீ அலையாத" என்று அவரே டப்பாவை எடுத்துக்கொண்டு ரயிலடிக்குப் போனார். என்றைக்கும் இல்லாத சுறுசுறுப்பு. அதை நான் கவனித்தேன். ஆனால் சந்தேகப்படவில்லை.

பதில் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. நான் மட்டும்தான் போனேன். கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைக்க வேண்டும் என்று அவர் நழுவிவிட்டார்.

டாக்டர் என்னை உட்காரச் சொல்லவில்லை. "பட்டணத்துல எழுதியிருக்காங்க. இது வாய்க்குள்ளேயிருந்து எடுத்த சதையே இல்லையாம். கன்னத்துத் தோல் அடுக்கடுக்கா இருக்கும். இது தொடைச் சதை மாதிரி வரி வரியா இருக்குதாம். போதாததுக்கு மஞ்சள் ஏறியிருக்கு. யாரோ சமையலுக்கு வெச்சிருந்த ஆட்டுக்கறியை அனுப்பியிருக்கீங்கன்னு கேலி பண்ணியிருக்காங்க. என்னம்மா இது?"

வழியெல்லாம் கம்பவுண்டரைத் திட்ட வார்த்தை சேர்த்துக்கொண்டு போனவள் நான். மஞ்சள் என்ற சொல் காதில் விழுந்ததும் அந்த வசவெல்லாம் மறந்துபோனது. அது நான் தடவின மஞ்சள். டாக்டர் என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரையெல்லாம் சந்தேகப்படுகிறவளை ஒருவர் அப்படிப் பார்த்தால் உடம்பெல்லாம் எப்படி எரியும் தெரியுமா!

வேறு யார்? நாத்தனார்தான். சின்ன ரயில் மொரப்பூர் வந்து சேர்வதற்குள் அவளை மனசுக்குள் நூறு தடவை கிழித்துவிட்டேன். வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக வாசலில் ஒரு செங்கல்லை வைத்து அதன் மேல் சூடத்தைக் கொளுத்தினேன். எங்கள் பக்கம் அதற்கு மேல் பேச்சில்லை. பொய் சொல்கிறவன் எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைக்க மாட்டான்.

"அண்ணி, பரண் மேல இருந்த புட்டியில கைய வெச்சது நீங்களா இல்லையா? அடிங்க சத்தியம்!"

"ஏண்டி, என்னையா கேக்கற?" என்று கேட்டாள். ஆனால் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "எந் தம்பி மேல ஆணையா நான் தொடல" என்று உள்ளங்கையால் ஓங்கி அடித்து அணைத்தாள். அவர் அப்போதுதான் கிணற்றிலிருந்து வந்து நின்றார். அக்கா மட்டும் சத்தியம் பண்ணினால் மனசு நோகுமே என்று இன்னொரு சூடத்தை வைத்து, "நீங்களும் அடிச்சுடுங்க, எல்லாருக்கும் ஒண்ணாப் போவட்டும்" என்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், பேச்சுக்குத்தான் சொன்னேன்.

அவர் கை அசையவில்லை. சூடம் முழுக்க எரிந்து தானாகவே அணைந்தது. நாத்தனார், "அட ஏண்டா தம்பி" என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"காட்டுல பொதச்சிட்டேன் புள்ள," என்றார். "அந்த டாக்டரு பார்த்த பார்வையிலயே எனக்குத் தெரிஞ்சிபோச்சு. அது போனா இன்னாரு இத்தன நாளுதான்னு பதிலு வரும். கறி போனா ஒண்ணுமில்லன்னு வரும். நீ நிம்மதியா இருப்பியேன்னு பார்த்தேன். ஆட்டுக்கும் மனுசனுக்கும் வித்தியாசம் கண்டுபுடிப்பாங்கன்னு எனக்கென்ன தெரியும்?"

அவரை அடிப்பதா, கட்டிக்கொண்டு அழுவதா என்று தெரியவில்லை. கண்டபடி திட்டினேன். ஊரே கேட்கும்படி திட்டினேன். எனக்குச் சிரிப்பும் வந்து தொலைத்தது, அதற்கும் சேர்த்துத் திட்டினேன். மறுநாளே இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. வாயைப் பார்த்தார், கழுத்தைத் தடவினார். காதுக்குக் கீழே ஓர் இடத்தில் அவர் விரல் நின்றது. பிறகு, "இங்கே வெட்டி அனுப்பிக்கிட்டு இருக்க வேணாம். நேரா பட்டணத்துக்கே போயிடுங்க" என்று மட்டும் சொன்னார்.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் மறுபடி வெட்டினார்கள். பூதக்கண்ணாடி பார்க்கிற டாக்டருக்கு வயதாகியிருந்தது. "மஞ்சள் போட்டுக் கறி அனுப்பின வீட்டம்மா நீங்கதானா?" என்று கேட்டுவிட்டு, நான் நம்பாமல் நிற்பதைப் பார்த்து, குழாயில் கண்ணை வைக்கச் சொன்னார். ஊதாவும் சிவப்புமாக ஏதோ தெரிந்தது. ஒரு பக்கம் நாற்று நட்ட மாதிரி வரிசையாக இருந்தது. இன்னொரு பக்கத்தில் வரிசை ஒன்றும் இல்லை, ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கன்னாபின்னாவென்று கிடந்தது.

"இது அவருதுதான்னு நான் எப்படிங்க நம்பறது?"

"இதுல மஞ்சள் இல்லையேம்மா," என்றார். அவர் சிரிக்காமல் சொன்னதால் நம்பினேன்.

ரேடியம் ஊசிகளைக் கனமான ஈயப்பெட்டியில் கொண்டுவந்தார்கள். நீளக் குறடால்தான் தொட்டார்கள். கன்னத்தில் அவற்றைக் குத்தி வைத்துவிட்டு நர்சுகள் அவர் கட்டிலை விட்டு ஒதுங்கி ஒதுங்கியே நடந்தார்கள். எனக்கு விடுமா? ஒருத்தியைப் பிடித்துக்கொண்டேன். "மருந்துன்னா நீங்க எதுக்கும்மா ஓடறீங்க? அவருக்கு நல்லது, உங்களுக்கு மட்டும் ஆவாதா?"

அவள் மழுப்பவில்லை. "கெட்ட சதையை எரிக்கிற நெருப்பு நல்ல சதையையும் எரிக்கும். அவருக்கு இந்த ஒரு தடவைதான். எங்களுக்குத் தினமும் இதே வேலை. நீங்களும் தள்ளியே உட்காருங்க." அங்கே இருந்த நாளெல்லாம் நான் சண்டை பிடிக்காத ஒரே ஆள் அவள்தான்.

கன்னத்துப் புண் ஆறியது. தோல் சுருங்கி வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது, ஆனால் ஆறியது. கழுத்துக் கட்டி ஆறவில்லை. அதற்கு எக்ஸ்ரே வெளிச்சம் பாய்ச்சிப் பார்த்தார்கள். கொஞ்சம் அமுங்கியது, அவ்வளவுதான்.

ஊருக்குக் கிளம்புகிற அன்று, ரேடியம் வைத்த டாக்டர் கட்டிலருகே வந்தார். நான் துணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். அதுவரை டாக்டர்களிடம் ஒரு கேள்வியும் கேட்காத என் வீட்டுக்காரர் திடீரென்று கேட்டார்.

"ஏனுங்க, அந்தத் துண்ட நான் மொதல்லயே ஒழுங்கா அனுப்பியிருந்தா இந்தக் கட்டி வந்திருக்காதுங்களா?"

இத்தனை நாளாக இவர் இதைத்தான் மனசுக்குள் வைத்து உருட்டிக்கொண்டிருந்திருக்கிறார். டாக்டர் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன்.

"இல்லப்பா," என்றார் டாக்டர். "அது அப்பவே உள்ளே வந்திருக்கும். ஒரு மாசம் முன்னாடி வந்திருந்தாலும் இதேதான்."

பச்சைப் பொய். தர்மபுரியில் முதல் நாள் தடவிப் பார்த்து ஒன்றும் இல்லை, நல்லது என்று அந்த டாக்டர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு நின்றவள் நான். சனிக்கிழமை தவறாமல் அந்தக் கழுத்துக்கு எண்ணெய் தேய்த்த கை என்னுடையது. அங்கே கடுகளவுகூட இல்லை. என்னைப் போல் சந்தேகம் பிடித்தவளிடம் அந்தப் பொய் ஒரு கணம்கூட நிற்காது. டாக்டருக்கும் அது தெரிந்திருந்தது. இந்த ஒரு தடவை வாயை மூடிக்கொண்டிரு என்று அவர் கண் என்னைக் கெஞ்சியது.

என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். அதற்குப் பிறகு அவர் ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்தார். அந்த நாட்களில்கூட அவர் முகத்தில் அப்படி ஓர் ஏக்கத்தை நான் பார்த்ததில்லை.

"கேட்டியா புள்ள? என்னால இல்லையாம்."

"கேட்டேங்க," என்றேன். "அவ்வளவு பெரிய டாக்டரே சொல்லிட்டாரு, அப்புறம் என்ன? எழுந்திருங்க, வண்டிக்கு நேரமாவுது."