சுண்ணாம்பு வட்டம்

எங்கள் தொழிற்சாலைக்குப் பின்னால், சரளை கொட்டிய காலி மனையில் ஓர் ஆள்காட்டிக் குருவி நான்கு முட்டை இட்டிருந்தது. கூடு என்றெல்லாம் பெருமையாகச் சொல்ல முடியாது. தரையில் ஒரு சின்னப் பள்ளம், அவ்வளவுதான். யார் வந்தாலும் ஊரைக் கூட்டத் தெரிந்த பறவைக்கு வீடு கட்ட மட்டும் சோம்பல்.

எண்பதுகளின் கடைசியில் அங்கே வேலை பார்த்த நானும் என் ஹாஸ்டல் தோழியும் ஓசூரில் பறவை பார்க்கும் பைத்தியம் பிடித்துத் திரிந்தோம். அவள் கர்நாடக எல்லையோரத்துத் தளி ஊர்க்காரி. வீட்டில் கன்னடம், என்னிடம் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். சாப்பாட்டு நேரத்தில் டிபன் டப்பாவோடு சுவரோரம் உட்கார்ந்து பார்த்ததை ஒரு நோட்டில் எழுதுவோம். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாத்தன. எது எதுவென்று எங்களுக்குத் தெரியாததால் ‘ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்’, ‘செகண்ட் ஷிஃப்ட்’ என்றே குறித்தோம். வெயில் ஏறினால் ஒன்று வயிற்று இறகுகளை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காரும். அதற்கு, மெஷின் சூட்டைத் தணிக்க ஊற்றும் ‘கூலன்ட்’ பெயரையே எழுதினோம்.

முந்தைய வருடம் நாங்கள் பார்த்துவந்த முட்டைகளை லாரி நசுக்கிவிட்டது. நோட்டில் ‘பொரிந்ததா?’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. இந்த முறை குஞ்சைப் பார்த்தே தீருவது என்று இருந்தேன்.

அந்த நேரம் பார்த்து மனையில் புது ஷெட் வேலை தொடங்கியது. லாரிகள் ஒதுங்கிப் போகட்டும் என்று தோழி முட்டைகளைச் சுற்றிச் சுண்ணாம்புப் பொடியால் அழகாக ஒரு வட்டம் போட்டாள். நானும் சபாஷ் என்றேன். மறுநாள் மதியம் வெளியே வந்தால், மேஸ்திரி கடப்பாரையோடு நேராக அந்த வட்டத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறார். கட்டட வேலையில் சுண்ணாம்பு போட்டால் அங்கே தூணுக்குக் குழி தோண்டு என்று அர்த்தமாம்! பறவை கத்தியது. நான் அதைவிடக் கத்தினேன்.

“அண்ணா, தோண்டாதீங்க!”

“இன்ஜினியர் மார்க் போட்டிருக்காரும்மா.”

“இன்ஜினியர் இல்ல, இவ போட்டது! உள்ள முட்டை இருக்குது!”

மேஸ்திரி குனிந்து பார்த்தார். முட்டையும் சரளை நிறம்தானே, அவருக்கு எதுவும் தெரியவில்லை. தோழி பதற்றத்தில் “மொட்டெ, மொட்டெ” என்று கன்னடத்துக்குத் தாவி விரலால் காட்டினாள். தெலுங்குக்காரரான மேஸ்திரி, அப்போதுதான் முட்டைகள் கண்ணில் பட, தன் மொழியில் “அய்யோ, குட்லா!” என்று துள்ளிப் பின்வாங்கினார். வட்டத்தைக் காலால் தேய்த்து அழித்தார்.

“அந்தக் கோடியில இருந்து ஆரம்பிக்கறேன். ஆனா இங்கயும் ஒரு தூண் வருதும்மா. அதுக்குள்ள பொரிக்கச் சொல்லுங்க.”

குழிகள் வரிசையாக எங்கள் பக்கம் நெருங்கி வந்தன. எனக்குச் சோறு இறங்கவில்லை. “ரெண்டையும் ஓவர்டைம் பாக்கச் சொல்லு” என்று தோழி என்னைக் கிண்டல் செய்தாளே தவிர, அவள் டப்பாவிலும் பாதிச் சோறு அப்படியே மிஞ்சியது.

ஒரு மதியம் போனால் பள்ளம் காலி. பக்கத்தில் நின்ற மேஸ்திரி, “போயிருச்சும்மா” என்றார்.

“எப்படிண்ணா?”

“எப்படின்னா? நடந்துதான்.”

அவர் காட்டிய வடிகால் ஓரத்தில் நான்கு பஞ்சு உருண்டைகள் நெட்டைக் காலில் தத்தித் தத்திப் போய்க்கொண்டிருந்தன. கூடவே தாயோ தகப்பனோ, எங்களைப் பார்த்து வழக்கம்போல வைதது. நான் அழுதுகொண்டே சிரித்தேன். தோழி ‘பொரிந்தது’ என்று கொட்டை எழுத்தில் எழுதினாள்.

மேஸ்திரி சுண்ணாம்புப் பொடியை அள்ளி, காலிப் பள்ளத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.