நான் வேண்டாமென்ற கிளாம்புகள்

எங்கள் லைன் வீட்டின் பழைய மண்சுவரில் மின்கம்பிக் குழாய் பொருத்த வந்த சேகர் அண்ணன், இரண்டடிக்கு ஒரு கிளாம்ப் எனப் பென்சிலால் குறித்தார். என் புத்தக அலமாரிக்கு மேல் அத்தனை கிளாம்புகள் அசிங்கமாகத் தெரியுமே என்று எனக்கு எரிச்சல்.

“ரெண்டு முனையில மட்டும் போடுங்கண்ணா.”

“இன்னாம்மா, தோரணமா கட்றோம்? தொங்கிடும்.”

நான் விடவில்லை. “சரி, படிச்சவங்க சொல்றீங்க,” என்று சலித்தபடி முடித்துவிட்டுப் போனார்.

தகரக் கூரையின் வெக்கையில் பிளாஸ்டிக் குழாய் ஒரே மாதத்தில் தொய்ந்தது. அம்மாவோ அதையே கொடியாக்கி ஈரத்துண்டுகளைப் போட்டாள். நான் எடுக்க எடுக்க மறுபடியும் போட்டாள். ஒருநாள் மதியம் பாரம் தாங்காமல் சுவிட்ச் பெட்டியிலிருந்து குழாய் பிடுங்கிக்கொள்ள, கம்பியின் செம்பு வெளியே தெரிந்தது. அம்மா ஈரக்கையோடு அதைத் தூக்கப் போனாள்.

“தொடாதம்மா!” என்று அலறி, ஓடிப்போய் மெயினை அணைத்தேன்.

“ஏண்டி கத்துற? கொடிதானே அறுந்துச்சு?”

யாரைத் திட்டுவது? அவளுக்கு அந்தக் கொடியைக் கட்டிக் கொடுத்ததே நான்தான்.

மறுநாள் வந்த சேகர் அண்ணன் பென்சிலை என்னிடம் நீட்டினார். “நீங்களே குறிங்க.”

அழகுக்காக வாதாடிய நானே இரண்டடிக்கு ஒன்றாகக் குறித்தேன்; ஒன்றும் நேராக வரவில்லை. குழாய் இப்போது அசைவதில்லை. ஆனாலும் படிக்க உட்காருமுன், கோணலாக நிற்கும் அந்தக் கிளாம்புகளை ஒருமுறை எண்ணிவிடுகிறேன்.