இலந்தை மரத்தடியில் ஒரு துப்பு

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த வருஷம் எனக்கு ஒன்பது வயது. மாதத்தில் ஒரு ஞாயிறு, மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்ததும் அப்பா, அம்மா, நான், தம்பி நால்வரும் மயிலாப்பூரிலிருந்து நடந்தே அடையாற்றுப் பாலத்தைத் தாண்டி, கிண்டிப் பக்கம் கிடந்த புதர்க்காட்டுக்குப் போவோம். புளிச்சோறும் கூஜாத் தண்ணீரும் அம்மா சுமப்பாள். அப்பா சுமப்பது ஒரு துப்பறியும் நாவல்.

அப்பா பள்ளிக்கூட வாத்தியார். வகுப்பில் சிரிக்காதவர் என்று பெயர். காட்டில் மட்டும் கொலைகாரனாகவும் ஜமீன்தாராகவும் குரல் மாற்றி மாற்றி வாசிப்பார். புள்ளிமான் பத்தடி தூரத்தில் நின்று எங்களைப் பார்த்துவிட்டுப் போகும். நாங்கள் அதைப் பார்க்கமாட்டோம். அந்தக் கதைகளில் சாவு பயமாகவே இருக்காது. ஒரு பக்கத்தில் பிணம் விழுந்தால் அடுத்த பக்கத்திலேயே எல்லோரும் காப்பி குடிப்பார்கள்.

அவற்றைக் கேட்டுக் கேட்டு, கண்ணில் படுவதெல்லாம் எனக்குத் துப்பாகிவிட்டது. அப்படித்தான் அம்மாவின் மேல் சந்தேகம் வந்தது. அப்பா வாசிக்கத் தொடங்கியதும், "சுள்ளி பொறுக்கிட்டு வரேன்" என்று எழுந்து போவாள். அரை மணி கழித்து வெறுங்கையோடு வருவாள். சுள்ளி எங்கே? பூசைக்குத் தலையில் வைத்துக்கொண்ட மல்லிகைச் சரம் எங்கே?

ஒரு ஞாயிறு, அம்மா திரும்பி வந்து தம்பிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது, அவள் வந்த வழியில் நழுவினேன். விறகுக்கட்டோடு ஒருத்தி எதிரே வந்தாள்.

"இன்னா பாப்பா, தனியா எங்க போய்க்கினு கீறே?"

"எங்கம்மா இந்தப் பக்கம் எங்க போவாங்க, தெரியுமா?"

"அந்த நீலச் சேல அம்மாவா? அதோ, எலந்த மரத்தாண்ட குந்திக்கினு இருப்பாங்க, பாவம்." சொன்னவள் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். "நீ போவாத கண்ணு."

சாட்சி போகாதே என்றால் துப்பறிபவர் போகாமல் இருப்பாரா?

மரத்தடியில் யாரோ கடல் சிப்பிகளை வட்டமாகப் பதித்திருந்தார்கள். நடுவில் மல்லிகைச் சரம், உருகிப்போன மெழுகுவர்த்தி. புதையலேதான். குச்சியால் தோண்டினேன். அது முறிந்ததும் கையால் தோண்டினேன்.

"ஐயோ, வேணாம்மா!"

அப்பா ஓடி வந்துகொண்டிருந்தார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் மண்டியிட்டு, நான் அள்ளிப் போட்ட மண்ணையெல்லாம் இரண்டு கையாலும் பள்ளத்தில் தள்ளினார். தட்டிச் சமன் செய்தார். சிப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

"யாருதுப்பா இது?"

"நம்மளுதுதான்" என்றார்.

அதற்கு அர்த்தம் எனக்குக் கல்யாணம் நிச்சயமான பிறகுதான் அவர் வாயாலேயே கிடைத்தது. ஆறு வயதில் என்னைப் பதினைந்து நாள் ராயப்பேட்டை அத்தை வீட்டில் விட்டிருந்தார்கள். அப்போது அம்மாவுக்கு ஒரு பெண் குழந்தை இறந்தே பிறந்திருக்கிறது. ஞானஸ்நானம் பெறாத குழந்தைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்றுவிட்டார்கள். அப்பா அதைத் துணியில் சுற்றிக்கொண்டு தனியாகப் பாலத்தைக் கடந்திருக்கிறார். எங்கள் காட்டு நடை தொடங்கியது அதற்குப் பிறகுதான். அம்மா அங்கே உட்கார்ந்திருக்கும் அரை மணி நேரம் நாங்கள் தலைநிமிராமல் இருக்கத்தான் அந்த நாவல்கள்.

நான் தோண்டிய அன்று அப்பா என்னை அம்மாவிடம் கூட்டிப்போனார். என் பத்து விரலிலும் செம்மண். அம்மா அதைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். கூஜாவில் தண்ணீர் இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. என்னை மடியில் இழுத்து, முந்தானையால் விரல் விரலாகத் துடைத்தாள். நகக்கண்ணில் ஒட்டியிருந்ததையும் சேலை ஊக்கால் மெல்ல எடுத்து முந்தானையிலேயே சேர்த்தாள். பிறகு முந்தானை நுனியை முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வழியெல்லாம் நான் பயந்துகொண்டே வந்தேன். நல்ல சேலையை அழுக்காக்கிவிட்டேனே, வீட்டுக்குப் போனதும் திட்டுவாளே என்று.