வெறும் பீடத்தடியில் நிற்கும் பஸ்

பாலையூற்றில் எங்கள் வீட்டு வாசல் படலைக்குப் பக்கத்தில், வீதியோரம், அந்தோனியார் சுருவம் ஒன்று சீமெந்துப் பீடத்தில் நின்றது. அந்த வீதியில் அடிபட்டுச் செத்தவர்களை நினைத்து ஊரார் வைத்தது. அதற்கு நேரே, நடந்து கடக்கிறவர்களுக்கான மஞ்சள் கோடு. கடந்தால் கோயில். முழங்கால் நோவோடும் என் மனைவி காலைப் பூசையைத் தவறவிட்டதில்லை.

ரவுணுக்குப் போகிற தனியார் பஸ்கள் சுருவத்தடியில் நிற்கும். கொண்டக்டர் குதித்து இறங்கி மெழுகுதிரி கொளுத்துவான். சாரதி ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிடுவார். எந்தச் சமயத்தவரானாலும் அப்படித்தான். பார்க்க மனம் குளிரும். ஆனால் பஸ் நிற்பது கோட்டின் மேல். அதன் முகப்பைச் சுற்றிக் கடக்கிறவரை, முந்திக்கொண்டு வருகிற வாகனம் காணாது.

போன தவக்காலத்தில் ஒரு விடியற்காலை என் மனைவியையும் ஒரு வான் காணவில்லை. இடுப்பெலும்பு உடைந்தது. வான் நிற்கவில்லை. பஸ்ஸும் கும்பிட்டு முடித்துப் போய்விட்டது.

சந்தியில் நிற்கிற பொலிஸ்காரரிடம் போனேன். தலைக்கவசப் பட்டி கொழுவவில்லை என்று முன்னொருநாள் எனக்குத் தண்டம் எழுதியவர் அவர்தான்.

"கோட்டில பஸ் நிப்பாட்டினா குற்றம்தானே, சேர்?"

"ஓம், ஓம். ஆனா சாமிக்கு நிக்கிற பஸ்ஸுக்கு எப்பிடித் தண்டம் எழுதுறது? எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு, ஐயா."

சாரதியிடமும் கேட்டேன். "தம்பி, கொஞ்சம் தள்ளி நிப்பாட்டுங்கோவன்."

"அந்தோனியார் இஞ்சதானே நிக்கிறார், ஐயா? அங்க போய் லைற் போஸ்டையோ கும்பிடச் சொல்லுறீங்கள்?"

பஸ்ஸுக்குள் எல்லாரும் சிரித்தார்கள்.

கடைசியில் பங்குத்தந்தையிடம் அழுதேன். அவர் ஊராரைக் கூட்டிக் கேட்டார். "காவலுக்கு வைச்ச புனிதரையே இந்த மனிசன் கலைக்கப் பார்க்கிறார்" என்று சிலர் என்னோடு கதைப்பதையே விட்டார்கள். என்றாலும் ஒரு ஞாயிறு பூசை முடிய, செபமாலை சொல்லிக்கொண்டே சுருவத்தைத் தூக்கிக் கோயில் வளவுக்குள் வைத்தோம். நானும் தோள் கொடுத்தேன். மனதுக்குள் அந்தோனியாரிடம் மன்னிப்புக் கேட்டபடி நடந்தேன். என் மனைவி திரும்பவும் பூசைக்குப் போகவேண்டும், என் மன்றாட்டு அவ்வளவுதான்.

மறுநாள் அவளைக் கைத்தடியோடு படலைவரை கூட்டிவந்தேன். கோயில் மணி அடித்தது. பஸ் வந்து அதே கோட்டில் நின்றது. கொண்டக்டர் இறங்கி வெறும் பீடத்தை ஒருதரம் பார்த்தான். பிறகு மெழுகுதிரியைச் சீமெந்தில் ஒட்டவைத்துவிட்டு ஏறினான். ஹோர்ன் அடித்துக்கொண்டு ஒரு ஓட்டோ பஸ்ஸை முந்திப் பாய்ந்தது.

"அந்தோனியார் இப்ப இஞ்ச இல்லையெண்டு இவங்களுக்குத் தெரியேல்லையே?" என்றாள்.

"தெரியும்."

"அப்ப நீங்கள் பூசைக்குப் போங்கோ. எனக்கு ஏலாது."

நான் போகவில்லை. உள்ளே போய்க் கதிரை எடுத்துவந்து படலையடியில் போட்டேன். இப்போதும் காலையில் அவள் அங்கேதான் செபமாலையோடு இருக்கிறாள். பஸ் மறைக்காத நேரம் கோயில் வாசல் தெரியும்.