கூரையைத் தொடாத சுவர்

ஹட்டனிலிருந்து பேருந்தில் முக்கால் மணி நேரம் சென்றால் வரும் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவள் ஜீவராணி. வயது முப்பத்தாறு. பத்து வீடுகள் ஒரே வரிசையாக ஒட்டிக் கிடக்கும் பழைய லயத்தில் ஏழாம் காம்பரா அவளுடையது. தோட்டத்தில் வேலை செய்யும்வரைதான் அந்தக் காம்பரா அவளுக்கு உண்டு. அடி தாங்க முடியாவிட்டால் எங்காவது போய்விடு என்று அவளிடம் சொன்னவர்கள் பலர். போனால் வேலையும் வீடும் ஒருசேரப் போய்விடும் என்பதை அவர்கள் எண்ணவில்லை.

சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் அவளுடைய கணவன் சுதாகரன் அவளது இடது கையை முறித்தான். வைத்தியசாலையில் தாதி கேட்டபோது, வழுக்கி விழுந்ததாக இரண்டு முறை சொன்ன ஜீவராணி, மூன்றாம் முறை உண்மையைச் சொன்னாள். செய்தி பொலிஸுக்குப் போயிற்று. பொலிஸார் அவள் சார்பில் நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பம் செய்தனர். பதினான்கு நாள்களுக்கு இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை கிடைத்தது. ஏழாம் காம்பராவுக்குள் சுதாகரன் நுழையக் கூடாது.

அவன் நுழையவில்லை. எட்டாம் காம்பராவிலிருந்த தன் அண்ணன் வீட்டிற்குக் குடிபோனான்.

அந்த லயத்தில் காம்பராக்களைப் பிரிக்கும் சுவர்கள் கூரை வரை எழுவதில்லை. மேலே இரண்டு முழ இடைவெளி உண்டு. அடுப்புப் புகையும் இருமலும் தொலைக்காட்சிச் சத்தமும் அதன் வழியே தடையின்றிப் போய்வரும். மறுநாள் மாலை அவனது குரலும் வந்தது.

"என்னா ராணி, கொழம்பு வாசம் தூக்குது? ஒத்தக் கையில ஆக்குனதா? மத்ததையும் ஒடச்சா வாயாலயா ஆக்குவ?"

அண்ணன் வீட்டில் யாரோ சிரித்தார்கள்.

"நான் ஒன் காம்பராவுல கால் வைக்கலடி. கோர்ட்டு சொன்னபடிதான் இருக்கேன். பதினாலு நாளு முடியட்டும், ஒன்னைய எவன் காப்பாத்துறான்னு பாப்போம்."

நாள்தோறும் இதே பேச்சு. ஜீவராணி, தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் பழனியாண்டியிடம் சென்று முறையிட்டாள்.

"உள்ள வந்தானா?" என்று கேட்டார் அவர்.

"வரலீங்க."

"அப்பறம் என்னாம்மா? கூடப் பொறந்தவன் வீட்டுல இருக்கக் கூடாதுன்னு சட்டமா? வாயால பேசுனதுக்கெல்லாம் புடிச்சா, நம்ம தோட்டத்துல பாதிப் பேரு ஜெயில்லதான் இருக்கணும்."

அவளும் அதை நம்பினாள். கட்டளை சிங்களத்தில் இருந்தது. அவளுக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. வாசலைத் தாண்டுவது ஒன்றே குற்றம் என்று தலைவர் முதல் அவள் வரை அனைவரும் நினைத்திருந்தனர்.

ஒன்பதாம் நாள், கைக்கட்டைக் காட்ட ஹட்டனுக்குப் போனவள், தனக்குச் சட்டை தைத்துத் தரும் ரிஸ்னாவின் கடையில் ஏறினாள். ரிஸ்னா சிங்கள மொழியில் படித்தவள். ஜீவராணி நீட்டிய கட்டளைத் தாளை இரண்டு முறை வாசித்தாள்.

"அக்கா, வீட்டுக்குள்ள வரக் கூடாதுங்கிறது ரெண்டாவதுதான். மொதலாவது வேற. அடிக்கவும் கூடாது, மெரட்டவும் கூடாதுன்னு போட்டிருக்கு. எங்க நின்டு மெரட்டினாலும் குத்தம்."

"செவுத்துக்கு அந்தப் பக்கம் நின்னாலுமா?"

"சந்திரனுல நின்டாலும்தான்."

அன்றே ஜீவராணி பொலிஸில் முறைப்பாடு கொடுத்தாள். அவன் பேசியதைக் கேட்டவர் யார் என்று கேட்டார்கள். லயம் முழுவதும் கேட்டிருந்தது. ஆறாம் காம்பரா நாகலெட்சுமியிடம் சாட்சி சொல்லக் கேட்டாள்.

"கேட்டுச்சு புள்ள, கேக்காம என்னா? ஆனா நானும் இந்த லயத்துலதானே சாகணும். டீவியக் கூட்டி வச்சிருந்தேன், ஒண்ணும் வெளங்கலன்னுதான் சொல்லுவேன். என்னைய இழுக்காத."

விசாரணை நாளில் ஜீவராணி தனியாகத்தான் போனாள். அவன் பேசியவற்றை, வசைச் சொற்களையும் விடாமல், அப்படியே சொன்னாள். மொழிபெயர்ப்பாளர் இரண்டு இடங்களில் தயங்கினார். நீதவான் சுவரின் உயரத்தைக் கேட்டார். பிறகு சுதாகரனைக் கேட்டார்.

"பேசுனேனுங்க. வெளையாட்டுக்குத்தான்" என்றான் அவன்.

சாட்சி இல்லாத குறையை அந்த ஒரு வாக்கியம் தீர்த்தது. பன்னிரண்டு மாதங்களுக்குக் கட்டளை பிறந்தது. இம்முறை காம்பரா மட்டுமன்று. லயமும், தண்ணீர் பிடிக்கும் பீலியும், அவள் வேலை செய்யும் மலையும் அவனுக்குத் தடுக்கப்பட்டன. முதற் கட்டளையை மீறியதற்குத் தனி வழக்கும் பதிவாயிற்று.

அவன் இப்போது கீழே ஏதோ ஒரு பட்டணத்தில் இருக்கிறான். எட்டாம் காம்பராவினர் அவளோடு பேசுவதில்லை. கை சேர்ந்து அவள் வேலைக்குத் திரும்பிய நாளில், கொழுந்துச் சாக்கைத் தராசில் தூக்கிவிட ஒருவரும் வரவில்லை. குடும்பத்தைக் கெடுத்தவள் என்று தலைவரே சொன்னாராம்.

வருகிற ஆவணியில் கட்டளை முடிகிறது. அதற்குமுன் அவள் மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும். விளையாட்டுக்குச் சொன்னேன் என்று இனி அவன் ஒப்புக்கொள்ளமாட்டான்; அந்த அளவுக்கு அவனும் சட்டம் கற்றுக்கொண்டான். ஆகவே, அவன் திரும்பினால் என்ன செய்வான் என்பதைக் காட்ட இம்முறை சாட்சி வேண்டும். நேற்றும் அவள் நாகலெட்சுமியைக் கேட்டாள். நாகலெட்சுமி எழுந்து போய்த் தன் கதவைச் சாத்திக்கொண்டாள்.